குடல்வால் வெடித்ததைக் கண்டறிந்து எங்கள் அய்யனைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் ஊர் மக்களுக்கும் கோபிசெட்டிபாளையம் வட்டத்திலிருந்து பணிவான வணக்கம்.

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவிய நிலையிலிருந்து எங்கள் அய்யன் மீண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். எழுபதைக் கடந்தவர், நெடுநாளாகச் சர்க்கரை நோயும் உண்டு. அவரைப் பிழைக்க வைத்தது அறுவை சிகிச்சைதான் என்றாலும், நோய் இன்னதென்று உரிய நேரத்தில் கண்டறியப்பட்டிராவிட்டால் அந்தச் சிகிச்சைக்கே வழி இருந்திருக்காது. அதற்காகவே இம்மடல்.

முதல் நன்றி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தரும் எங்கள் ஊர்ச் சகோதரிக்கு உரியது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி, இரவில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, அய்யனைத் தூங்கவிடாமல் வாட்டிய வலி அன்று காலையில் சட்டென்று தணிந்திருந்தது. "இப்பத் தேவலைங்க அம்மிணி, வாயுப் பிடிப்பாட்ட இருக்குது" என்றார் அய்யன். வலி விட்டவர் ஏன் காலை மடக்கியபடியே அசையாமல் படுத்திருக்கிறார், ஏன் காப்பிகூட வேண்டாமென்கிறார் என்று அந்தச் சகோதரி விடாமல் கேட்டார். நாடியைப் பார்த்ததும் 108க்கு அவரே அழைத்தார்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, வலி எங்கே இருக்கிறது என்பதற்கு முன்பாக அது எங்கே தொடங்கியது என்று நீங்கள் கேட்டதை நாங்கள் மறக்க மாட்டோம். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலிக்காத இடப்பக்கத்திலிருந்து மெல்ல அழுத்தத் தொடங்கினீர்கள். "அங்க அமுத்துனா இங்கல்லங்க வலிக்குது" என்று அய்யன் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தபோது அவர் முகம் சுருங்கியதையும் நீங்கள் கவனித்தீர்கள். அடைபட்டு வீங்கிய குடல்வாலில் ஓட்டை விழும்போது உள்ளழுத்தம் இறங்குவதால் வலி சில மணி நேரம் தணிந்ததுபோல் இருக்கும் என்றும், அந்த இடைவெளியில்தான் கிருமிகள் வயிற்றறைக்குள் பரவத் தொடங்கும் என்றும், முதியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் காய்ச்சலும் வயிற்று இறுக்கமும் அவ்வளவாக வெளிப்படாமல் போகலாம் என்றும் எங்களுக்கு விளங்கும்படி சொன்னீர்கள். டிரிப்ஸ் ஏற்றி, முதல் ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டு, வலி தொடங்கிய நேரம், இடம் மாறிய நேரம், தணிந்த நேரம் மூன்றையும் குறித்து நீங்கள் எழுதித் தந்த பரிந்துரைக் கடிதம் தமக்குப் பேருதவியாக இருந்ததாக அறுவை சிகிச்சை நிபுணரே எங்களிடம் சொன்னார்.

பெரிய மருத்துவமனையில் காய்ச்சல் பெரிதாக இல்லை. கிருமித் தொற்றின்போது கூடும் ரத்த வெள்ளணுக்களும் இயல்பான அளவிலேயே இருந்தன. குடல்வால் அழற்சியைக் கணிக்க 1986இல் அல்வராடோ என்ற மருத்துவர் வகுத்த 10 மதிப்பெண் கணக்கில் அய்யனுக்கு 5தான் வந்தது. அதாவது, குடல்வால் அழற்சியாக இருக்கலாம், உறுதியில்லை. எண்ணை மட்டும் நம்பியிருந்தால் காத்திருந்து பார்க்கலாம் என்ற முடிவுக்கே வந்திருக்கக்கூடும். ஆனால் வேகமான நாடித்துடிப்பையும், ரத்தத்தில் சற்றே உயர்ந்திருந்த பிலிருபின் என்ற பித்த நிறமியையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் கை உணர்ந்ததையும் நிபுணர் அவர்கள் விட்டுவிடவில்லை. குடலில் வாயு நிறைந்திருந்ததால் அல்ட்ராசவுண்டில் குடல்வால் தென்படவே இல்லை. "தெரியலைன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தமில்லைங்க" என்று கதிரியக்க மருத்துவர் சொன்ன சொல் எவ்வளவு பொறுப்பானது என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. சிறுநீரகத்தின் நிலையறிய கிரியேட்டினின் பார்த்தபின் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வாலுக்கு வெளியே விழுந்து கிடந்த கெட்டிப்பட்ட மலக்கல்லையும், குடலுக்கு வெளியே இருக்கவே கூடாத காற்றுக் குமிழ்களையும், இடுப்புக்குழியில் தேங்கிய சீழையும் திரையில் விரல் வைத்துக் காட்டி, படிக்காத எங்கள் ஆத்தாவுக்கும் புரியும்வரை கதிரியக்க மருத்துவர் விளக்கினார்.

அன்றிரவே அறுவை சிகிச்சை முடிந்தது. மயக்க மருந்து மருத்துவருக்கும், சீழ் வடியும் குழாயையும் சர்க்கரை அளவையும் இரவெல்லாம் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முகம் சுளிக்காமல் வார்டைத் துடைத்த அம்மாக்களுக்கும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களை எங்களுக்காக அலைந்து முடித்துத் தந்த அலுவலருக்கும் எங்கள் நன்றி. தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரை எங்கள் நெல் வயலுக்குத் தவறாமல் கட்டிவிட்டு, மாடுகளையும் பார்த்துக்கொண்ட பக்கத்துக் காட்டு மாமனுக்கும் அத்தைக்கும் என்ன சொன்னாலும் தகும்.

நிபுணர் அவர்களுக்கு இன்னுமொரு நன்றி. முதியவர்களுக்குக் குடல்வால் அழற்சி வரும்போது அதன் அடியிலோ பெருங்குடலின் தொடக்கத்திலோ கட்டி ஏதேனும் அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்று சொல்லி, எடுத்த குடல்வாலைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். முடிவு வந்துவிட்டது; அதில் புற்று இல்லை. நீங்கள் குறித்துத் தந்த தேதியில் பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி பரிசோதனைக்கு அய்யனைத் தவறாமல் அழைத்து வருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
அய்யனின் பிள்ளைகளும் குடும்பத்தாரும்
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்