சிற்றரசுக்கும் ஒரு டர்ன் கொடுங்கள்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் கணினி விளையாட்டு ஆக்கப் பழகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கையருக்கு,

வணக்கம். உங்களில் யாராவது ஒருவர் என்றாவது ஒரு வியூக விளையாட்டைத் தொடங்கத்தான் போகிறீர்கள். முதல் வேலையாகப் பேரரசுகளின் பட்டியலை எழுதுவீர்கள். ஒரு சோழப் பேரரசு, ஒரு நாகர் நாடு, மந்திரவாதிகளின் கூட்டம் ஒன்று, இரண்டு டிராகன். எழுதுங்கள், நானும் விளையாடுவேன். அந்தப் பட்டியலின் அடியில் ‘சிறு தரப்புகள்’ என்று ஒரு பெட்டி வரும். அதைக் கடைசி வாரத்தில், தூக்கக் கலக்கத்தில் நிரப்பிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இப்போது சந்தையில் இருக்கும் விளையாட்டுகளில் அந்தப் பெட்டி எப்படி இருக்கிறது? 1994 இல் வந்த மாஸ்டர் ஆஃப் மேஜிக்கில் யாருக்கும் சொந்தமில்லாத ஊர்கள் பெரும்பாலும் சுவருக்குள் காத்திருக்கும், நீங்கள் போய்ப் பிடிப்பீர்கள், கதை முடிந்தது. 2014 இல் எண்ட்லெஸ் லெஜண்ட் வந்தபோது நிலைமை நன்றாகவே மாறியது. அதில் சிறு இனங்களுக்குப் பெயரும் முகமும் கதையும் உண்டு. பேசி, அவர்கள் கேட்கும் வேலையைச் செய்து கொடுத்து வசப்படுத்தலாம், பணம் கொடுக்கலாம், அடித்து ஊரை அழித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். வசப்படாத ஊரிலிருந்து படைகள் வெளிக்கிட்டு வந்து தொல்லை கொடுக்கும். அந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கல்ட்டிஸ்ட்ஸ் என்ற தரப்பு. அவர்களுக்கு ஒரேயொரு நகரம்தான். மற்றதெல்லாம் மதம் மாற்றிய சிற்றூர்களை நம்பித்தான் ஓடும். ஆனாலும் அந்தச் சிற்றூர் யாரோடு சேர்வது என்று தானாக ஒரு முடிவும் எடுக்காது. யாராவது வந்து தன்னை எடுத்துக்கொள்ளும்வரை இருக்கும்.

2023 இல் வந்த ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 4 இன்னும் ஒரு படி மேல். சுதந்திர நகரங்களோடு உறவு வளர்த்து, அவற்றைச் சிற்றரசாக்கி, வரி வாங்கி, அவர்களின் படையாட்களையும் திரட்டிக்கொள்ளலாம். உங்கள் நகரங்களின் எண்ணிக்கை எல்லை தாண்டினால் ஒன்றைச் சிற்றரசாக விட்டுவிடவும் முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உறவு வளர வளர அடுத்து என்ன செய்யலாம் என்று பார்த்தால், அங்கே இருப்பது முழுவதுமாக இணைத்துக்கொள்ளும் பொத்தான். நட்பு முற்றினால் விழுங்கிவிடலாம் என்கிறார்கள். டோட்டல் வார்: வார்ஹாமர் வரிசையிலும் லார்டு எனப்படும் பெரிய தலைவர்களுக்கே கதையும் தனி வசதிகளும். சின்னத் தரப்புகளில் பல முதல் முப்பது டர்னுக்குள் (ஆட்ட முறைக்குள்) காணாமல் போய்விடும், அவை எப்படி அழிந்தன என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிவிலைசேஷன் 6 கற்பனை உலக விளையாட்டு இல்லை. இருந்தும் அதைச் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனென்றால் அதில் கண்டி ஒரு நகர அரசு. தூதர்களை அனுப்பி அதற்கு மேலாதிக்கம் பெற்றால், புதிதாக இயற்கை அதிசயம் ஒன்றைக் காணும்போது உங்களுக்கு ஒரு புனிதச் சின்னம் கிடைக்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவருக்கும் மாறி மாறித் தண்ணி காட்டிய ராச்சியம் அது. விளையாட்டில் அதன் வேலை பரிசு கொடுப்பது.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, கருநாவல்பற்று, தென்னமரவாடி. வன்னியர் என்ற தலைவர்கள் வன்னியில் ஆண்ட சிற்றரசுகள் இவை, வன்னிமைகள் என்று நாம் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் படித்துக் கடந்தவை. வடக்கே யாழ்ப்பாண அரசு, தெற்கே முதலில் கோட்டை ராச்சியம், பிறகு கண்டி. 1619 இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது, 1658 இல் ஒல்லாந்தர் கைக்கு. மேலே இருந்தவர் மாறிக்கொண்டே இருந்தார், வன்னிமை நீடித்தது. உங்கள் வடிவமைப்புக் குறிப்பேட்டில் எழுத வேண்டிய கேள்வி இதுதான்: இவ்வளவு சின்னத் தரப்பு எப்படி இவ்வளவு காலம் பிழைத்தது?

முதலாவது காரணம் திறை, அதாவது மேலே இருந்தவருக்குக் கட்டிய கப்பம். அது பொன்னாக அல்ல, யானையாகப் போனது. காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு தாண்டிக் குடாநாட்டுக்கு ஓட்டிப்போய், இந்திய வணிகர்களுக்கு விற்றார்கள். ஒல்லாந்தரின் யாழ்ப்பாண வருமானத்தில் அந்த யானைக்குப் பெரிய இடம். யானையைப் பிடிக்கத் தெரிந்தவரும் காட்டின் வழி தெரிந்தவரும் வன்னியில் இருந்தார்கள். அதனால் மேலே இருந்தவருக்குக் கோபம் வந்தாலும் கை ஓங்கத் தயக்கம். வன்னியர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1697 இல் யாழ்ப்பாணத் தளபதி ஸ்வார்டெக்ரூன் தனக்குப் பின் வருபவருக்காக எழுதி வைத்த குறிப்பில், வன்னியர்கள் கொடுக்க வேண்டிய யானைப் பாக்கி பற்றிய முறைப்பாடு இருக்கிறது. பாக்கி வைப்பதை நான் ஓர் அரசியல் கலையாகவே பார்க்கிறேன். இல்லை என்று சொல்லாமல், தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே தராமல் இருப்பது. எந்த விளையாட்டில் சிற்றரசால் இப்படிச் செய்ய முடிகிறது? எல்லாவற்றிலும் டர்ன் முடிந்தால் பணம் தானாக உங்கள் கஜானாவில் விழுந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் காடும் காய்ச்சலும் மாரியும். ஐப்பசி, கார்த்திகையில் வன்னிப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாக்கி வசூலிக்க வரும் படை பங்குனியில்தான் வர முடியும் என்றால் பாக்கி வைப்பவருக்கு எத்தனை டர்ன் கிடைக்கிறது பாருங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மேலே எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் நெருக்கினால் கண்டியின் பக்கம் சாயலாம் என்ற பயத்தை அவர்களுக்குள் வைத்திருந்தாலே போதும். 1766 இல் கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் நடந்த போர் உடன்படிக்கையில் முடிந்தது, தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்குப் போனது. கண்டி கடலை இழந்தது. பதினாறு வருடம் கழித்து, 1782 இல் ஒல்லாந்தர் வன்னிக்குப் படை அனுப்பி அதை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவரத் தொடங்கினார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது என் வாசிப்பு. வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் பத்துக் காரணம் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் விளையாட்டு விதியாக இதைவிடச் சுத்தமான விதி கிடையாது: இரண்டு பெரியவர்களில் ஒருவர் தளர்ந்தால், நடுவில் இருக்கும் சின்னவரின் நாட்கள் எண்ணப்படத் தொடங்கும்.

1803 அதே விதியின் மறுபக்கம். ஒல்லாந்தரின் இடத்துக்கு வந்திருந்த ஆங்கிலேயர் கண்டியோடு போருக்குப் போய் அங்கே பெரும் அடி வாங்கினார்கள். அந்த இடைவெளியில் வன்னித் தலைவன் பண்டார வன்னியன் ஓகஸ்ட் மாதம் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. அந்தத் தோல்விக்குத்தான் கற்சிலைமடுவில் நடுகல், அவனுடைய மரணத்துக்கு அல்ல. வீரத்தைப் பற்றி மேடையில் நிறையப் பேசிவிட்டோம். நான் வடிவமைப்பாளரிடம் பேசுகிறேன்: அவன் தேர்ந்தெடுத்த டர்னைக் கவனியுங்கள்.

இந்தத் திசையில் ஒருவரும் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2013 இல் வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 இல் சிற்றரசுக்கு ‘விடுதலை வேட்கை’ என்று ஒரு சதவீதம் உண்டு. அது 50 ஐத் தாண்டினால் விசுவாசம் போய்விடும், அப்படிப்பட்டவனை இணைக்கவும் முடியாது. எதிரி அரசுகள் அவனுக்கு ஆதரவு கொடுக்கலாம். சிற்றரசுகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு பலம் என்பதும் கணக்கில் வரும். அதன்மேல் ரசிகர்கள் கட்டிய அன்பெனார் என்ற கற்பனை உலகத்தில் எல்ஃப்களும் குள்ளர்களும் இந்தக் கணக்குக்குள்தான் வாழ்கிறார்கள். அங்கே சிற்றரசாகவே தொடங்கி விளையாடவும் முடியும். ஆக, தொழில்நுட்பம் கையில் இருக்கிறது.

நீங்கள் செய்யும்போது இப்படிச் செய்து பாருங்கள். ஆட்டக்காரர் பனங்காமம் போன்ற ஒரு கற்பனை வன்னிமையாகத் தொடங்கட்டும். பேரரசாக மாறுவது வெற்றி ஆகக் கூடாது. குறித்த தலைமுறைகள் வரை குளமும் வயலும் காடும் கையைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். திறையை எண்ணிக்கையாக வையுங்கள், ஒவ்வொரு யானைக்கும் பிடிக்க ஆளும் பருவமும் வேண்டும், அளவுக்கு மீறிப் பிடித்தால் காட்டில் யானை குறையட்டும். பாக்கிக்கு ஒரு அளவு வேண்டும்: கொஞ்சம் ஏறினால் கடிதம் வரும், நிறைய ஏறினால் படை வரும். கடிதத்துக்குப் பதில் எழுதும் பகுதியைத் தயவுசெய்து நன்றாகச் செய்யுங்கள், சாக்குச் சொல்வதில் நமக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. குளக்கட்டைப் பார்க்காமல் போருக்கு ஆள் எடுத்தால் அடுத்த போகம் படுக்க வேண்டும். பக்கத்து வன்னிமையோடு கலியாணமும் பகையும் இரண்டுமே நடக்க வேண்டும், ஏனென்றால் வன்னிமைகள் ஒரே குரலில் பேசிய ஒரே தரப்பு அல்ல. நாச்சிமார் என்ற பெண் தலைவிகள் ஆண்ட நினைவுகளும் எங்கள் ஊர்க் கதைகளில் இருக்கின்றன, அவர்களை அரண்மனைச் சன்னலில் நிறுத்திவிடாதீர்கள்.

மந்திரமும் பூதமும் வேண்டுமென்றால் நாச்சிமார் கதையிலும் காட்டுத் தெய்வங்களிலும் நிறைய இருக்கிறது, எல்ஃபைக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு எல்லை போடுகிறேன். 1803 இல் நின்றுவிடுங்கள். அதற்கு இரண்டு நூற்றாண்டு கழித்து இந்த மண்ணில் நடந்ததை டர்ன் அடிப்படையிலோ வேறு எதன் அடிப்படையிலோ எனக்கு விளையாட வேண்டாம். என் அயலவர்களும் அதையே சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயம். இங்கே அநேகம் பேரிடம் இருப்பது பழைய லப்டொப்தான், ஆகவே முப்பரிமாண யானையைப் பிறகு பார்க்கலாம், படத்தில் வரைந்த யானை போதும். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் ஆட்டம் தொலையக் கூடாது, ஒவ்வொரு டர்னும் தானாகச் சேமிக்கட்டும். எழுத்துகள் தமிழில் உடையாமல் வர வேண்டும். சோதனைப் பதிப்பு ஆயத்தமானதும் நேரே கொழும்புக்கு எடுத்துப் போகாமல் முள்ளியவளைக்கும் ஒட்டுசுட்டானுக்கும் கொண்டுவாருங்கள். யானைப் பாக்கி எத்தனை டர்ன் வைக்கலாம் என்பதை நாங்கள் விளையாடிப் பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து ஒரு வியூக விளையாட்டுப் பைத்தியம்