ஆற்காட்டுக் கடன் கணக்கு

வேலூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். ராஜாக்களின் சுகபோகத்தால்தான் பேரரசுகள் விழுகின்றன என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் சம்மதமில்லை. வரியை யார் வசூலிக்கிறார்கள், படைக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பார்.

விஜயநகரம் தன் படைத்தலைவர்களான நாயக்கர்களுக்குச் சீமையை விட்டுக்கொடுத்தது. வருமானத்தில் அவர்களே படை வைத்துக்கொண்டு ஒரு பங்கைத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். வேகமாக வளர்ந்ததும் அதனால்தான். 1565-ல் தலைக்கோட்டையில் தோற்றபின் அந்தப் பங்கை அதட்டிக் கேட்க ஆளில்லை. 1614-ல் அரசர் வேங்கடபதிராயர் இறந்ததும் நாயக்கர்கள் இரண்டு கட்சியாகி அடித்துக்கொண்டார்கள்.

நம்ம ஆற்காட்டு நவாப் கதை இன்னும் மோசம். 1751-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் சுமார் 500 பேரோடு ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினான். கம்பெனி ஆதரித்த முகமது அலிக்கு நவாப் பட்டம் நிலைத்தது, கம்பெனிப் படையின் செலவும் அவர் தலையில் விழுந்தது. வரி அறுப்புக்குத்தான் வரும், கம்பெனியின் தவணை அதுவரை காத்திருக்குமா? கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே கொள்ளை வட்டிக்கு வாங்கி, தாலுகாக்களின் வரியை ஈடாக எழுதிக்கொடுத்தார். வசூலுக்கு வருகிறவனுக்கு அந்த ஊர் அடுத்த வருஷம் தன் கையில் இருக்குமா என்று தெரியாது. கறக்கிற வரை கறப்பான். ஏரிக்கரை கரைந்தாலும், கலங்கல் பெயர்ந்தாலும், மதகு தூர்ந்தாலும் அவனுக்கென்ன? தண்ணீர் நிற்காத ஏரியின் கீழ் இரண்டாம் போகம் போகும், வரி குறையும், மறுபடி கடன். கம்பெனிக்குச் சேரவேண்டிய பணத்தைக் கம்பெனி ஆட்களே வட்டியாகத் தின்றார்கள் என்பதுதான் வேடிக்கை.

1776-ல் கம்பெனியின் சென்னை கவர்னர் பிகட், நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை அதன் ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த மகசூலை நம்பிக் கடன் கொடுத்தவர்களுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் பக்கம் சாய்ந்த கவுன்சில்காரர்கள் கவர்னரையே கைது செய்தார்கள், மறுவருஷம் காவலிலேயே செத்துப்போனார். 1801-ல் கம்பெனி, கர்நாடகம் என்று அப்போது சொன்ன நவாபின் சீமையையே எடுத்துக்கொண்டு, நவாபுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டது.

அதன்பின் வசூல் நேராகக் கம்பெனி கஜானாவுக்கு, கலெக்டருக்கு மாதச் சம்பளம். சிப்பாய்க்கும் அப்படியே. ஆனால் சம்பளம் மட்டும் போதாது என்று 1806 ஜூலை 10 நம் வேலூர்க் கோட்டையிலேயே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது தெரிந்தது: அவர்களுடைய தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி மூன்றிலும் கம்பெனி அதிகாரிகள் கை வைத்திருந்தார்கள்.

வெள்ளைக்காரனுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று நீ கேட்பாய். படைச் செலவும் கடனும் அவனையும் விடவில்லை. இரண்டாம் உலகப் போர்ச் செலவில் லண்டன் இந்தியாவுக்கே 100 கோடி பவுனுக்கு மேல் கடன்பட்டிருந்தது. மராட்டியர் விஷயத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
பாலு