திரும்பி வரும் வழி

அன்புள்ள கயலுக்கு,

ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு அலாஸ்காவில் தனியாக இருக்கப் போவதாக நீ எழுதியதை அம்மாவும் நானும் படித்தோம். உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. மனித அரவமில்லாத இடத்தில் கொஞ்ச காலம் இருந்து, வாழ்க்கையில் எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்க்க நினைப்பது நல்ல ஆசைதான். ஆனால் உன் திட்டத்தில் போகும் வழி விவரமாக இருக்கிறது, வரும் வழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.

அலாஸ்காக் காட்டில் தனியாக வாழப் போன அமெரிக்க இளைஞர் கிறிஸ் மெக்கேண்ட்லஸை நீ சொல்லியிருந்தாய். அவருடைய உறுதியை நானும் மதிக்கிறேன். அதனாலேயே அங்கே என்ன நடந்தது என்பதைக் கணக்காகப் பார்க்க வேண்டும். 1992 ஏப்ரல் 28 அன்று ஸ்டாம்பீட் தடத்தில் நடக்கத் தொடங்கினார். கையில் 4.5 கிலோ அரிசி, ஒரு .22 துப்பாக்கி. சரியான வரைபடம் இல்லை. டெக்லனிகா ஆற்றைக் கடந்தபோது கரையோரம் பனிக்கட்டி, நடுவில் தொடையளவு தண்ணீர். அதைத் தாண்டிப் போய், கைவிடப்பட்டுக் கிடந்த 142ஆம் எண் பேருந்தில் தங்கினார். ஜூலை முதல் வாரத்தில் ஊர் திரும்பலாம் என்று கிளம்பி வந்தபோது அதே ஆறு கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பேருந்துக்கே போனார். ஆகஸ்டில் பட்டினியால் இறந்தார். செப்டம்பர் 6 அன்று உடலைக் கண்டெடுத்தபோது எடை ஏறத்தாழ 30 கிலோ.

அந்த ஆறு பனிமலையிலிருந்து வருகிறது. வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் பெருகும். ஏப்ரலில் சின்ன ஓடை, ஜூலையில் பெருவெள்ளம். ஒரே நாளுக்குள்ளும் இப்படித்தான்: அதிகாலையில் நீர் மிகக் குறைவு, பிற்பகலிலும் மாலையிலும் உச்சம். அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு மைலுக்குள்ளேயே, நீரளவு எடுப்பவர்கள் ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, கையால் இழுத்துப் போகும் கூடை ஒன்றை வைத்திருந்தார்கள். வரைபடம் இருந்திருந்தால் அது தெரிந்திருக்கும். அந்தப் பேருந்தைப் பார்க்கப் போன இரண்டு பெண்கள், 2010இல் ஒருவர், 2019இல் ஒருவர், அதே ஆற்றில் மூழ்கி இறந்துபோனார்கள். கடைசியில் 2020 ஜூனில் ஹெலிகாப்டர் வைத்துப் பேருந்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆகவே அந்தத் தடம் வேண்டாம், கயல்.

எங்கே போனாலும் சின்ன ஆறாவது குறுக்கே வரும். தனியாளாக இருக்கும்போது முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதே. ஆறு பல கிளையாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடத்தைத் தேடு. குறுகிய இடம் சுலபமாகத் தெரியும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும். இறங்குவதற்கு முன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடு. விழுந்தால் பை உன்னை அமுக்கக் கூடாது. தடியை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகரு. காலணியைக் கழற்றாதே. உடம்பில் கயிறு கட்டிக்கொள்ளவே கூடாது.

அடுத்தது சாப்பாடு. பட்டினி எப்படி வருகிறது என்பதற்கு அந்த 4.5 கிலோ அரிசியே கணக்கு. கிலோவுக்கு 3,600 கலோரி என்றால் மொத்தம் 16,200. குளிரில் விறகு வெட்டி, நடந்து, உழைக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்கு 2,800 வேண்டும். ஆறு நாள்கூடத் தாங்காது. மீதியை அணில், பறவை, கிழங்கு என்று தேட வேண்டியிருந்தது. அவற்றில் கொழுப்பு மிகக் குறைவு. வெறும் மெலிந்த இறைச்சியை எவ்வளவு தின்றாலும் கல்லீரல் ஓர் அளவுக்கு மேல் புரதத்தை எரிபொருளாக மாற்றாது. வயிறு நிறைந்திருக்கும், உடம்பு கரையும்.

உனக்கு முப்பது நாளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்: அரிசி 9 கிலோ, பருப்பு 4, நெய் இரண்டரை, வறுத்த வேர்க்கடலை 2, வெல்லம் ஒன்றரை. மொத்தம் 19 கிலோ, சுமார் 85,000 கலோரி. இதில் நெய்யைக் குறைக்காதே. எடையில் எட்டில் ஒரு பங்குதான், ஆனால் கால்வாசிக்கு மேல் சக்தி அதிலிருந்துதான். இதன் மேல் பத்து நாளுக்கு உபரி, அது ஏன் என்று கீழே சொல்கிறேன். வேட்டையை நம்பாதே. அலாஸ்காவில் வேற்று நாட்டுக் குடிமக்கள் பெரிய விலங்கை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். மீன் பிடிக்கலாம், அதற்கும் உரிமம் எடு. மிஞ்சிய மீனைக் கருவாடு போடுவதுபோல் மெல்லிசாகக் கீறி விரித்துக் காயவை. மெக்கேண்ட்லஸ் சுட்ட மூஸ் மான் வீணானது இங்கேதான். இறைச்சியைப் பெரிய துண்டாக வைத்துப் புகை போட்டார். அது சரியாகப் பதப்படாமல் புழு வைத்துவிட்டது.

செடிகொடி விஷயத்தில் ஒன்றுதான். காட்டு உருளை என்கிற செடியின் கிழங்கை அங்குள்ள பழங்குடிகள் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். மெக்கேண்ட்லஸ் விதையையும் தின்றார். விதைதான் தன்னைப் பலவீனமாக்கியது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். நம் ஊரில் கால்களை முடக்கும் கேசரிப் பருப்பில் இருக்கும் அதே நஞ்சு என்றார்கள், பிறகு வேறொரு பொருள் என்றார்கள். எதுவாக இருந்தாலும், ஒரு பாகத்தை உண்ணலாம் என்று எழுதியிருந்தால் அந்தப் பாகத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

இப்போது உனக்கு நான் காட்ட நினைக்கும் மனிதர் ரிச்சர்ட் புரோனெக்கி. அலாஸ்காவிலேயே ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டு தனியாக இருந்தார். 1967இல் போய் மரங்களை வெட்டிப் பட்டை உரித்து அடுக்கி வைத்தார். அவை உலர்ந்த பிறகு, 1968 மே மாதம் வந்து கைக்கருவிகளாலேயே வீடு கட்டினார். எடை குறைய வேண்டும் என்று பல கருவிகளைப் பிடி இல்லாமல் கொண்டுபோய், பிடியை அங்கேயே செதுக்கிக்கொண்டார். தச்சுவேலையும் இயந்திரவேலையும் ஏற்கனவே கைவந்தவர், வயது ஐம்பதைக் கடந்திருந்தது. இதையெல்லாம் விட முக்கியமானது, விமானி ஒருவர் அவ்வப்போது ஏரியில் இறங்கிக் கடிதமும் மளிகையும் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய தனிமை அத்தனை காலம் நிலைத்ததற்கு அந்த விமானியும் காரணம். சமூகத்தை முழுக்க அறுத்துக்கொண்டு போனால்தான் உண்மையான தனிமை என்று நீ எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை.

ஆகவே என் யோசனை: ஏரியில் இறங்கும் மிதவை விமானத்தில் போ. வழியில் பெரிய ஆறு இல்லை, 25 கிலோ சாப்பாட்டைச் சுமக்கவும் வேண்டாம். ஏப்ரல் சரிப்படாது, ஏரி உறைந்திருக்கும். ஜூன் கடைசி வாரம் போய் ஜூலை இறுதியில் வா. கொண்டுவிடும்போதே திரும்ப அழைத்துவரும் தேதியை எழுத்தில் வாங்கு. 1981இல் கார்ல் மெக்கன் என்பவர் புரூக்ஸ் மலைத்தொடரில் இறங்கினார். மூட்டை மூட்டையாக உணவு இருந்தது, ஆனால் திரும்ப அழைத்துவர யாரையும் உறுதிசெய்யவில்லை. பிறகு மேலே ஒரு விமானம் வந்தபோது ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். விமானிகளுக்கு அதன் பொருள் 'நலமாக இருக்கிறேன்'. உதவி வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும். விமானம் போய்விட்டது, அவர் உயிரோடு திரும்பவில்லை. இரண்டு கை. மறக்காதே. மூடுபனி இறங்கினால் விமானம் நாள்கணக்கில் தாமதமாகும், பத்து நாள் உபரி அதற்காகத்தான்.

கரடி விரட்டும் தெளிப்பானைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கேயே வாங்கு. சமைக்கும் இடமும் சாப்பாட்டுப் பெட்டியும் கூடாரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் காயாது. பத்து டிகிரி மழையிலேயே உடம்பு விறைக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் உன் பேச்சு குழறுவதைக் கவனிப்பார்கள். தனியாக இருப்பவள் தானே சோதித்துக்கொள்ள வேண்டும்: கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடிகிறதா? முடியவில்லையென்றால் வேலையை அப்படியே போட்டுவிட்டு, காய்ந்த துணிக்கு மாறி, தூக்கப்பைக்குள் போய், இனிப்பாக எதையாவது சாப்பிடு.

ஆபத்துச் சமிக்ஞைக் கருவியை, 406 மெகாஹெர்ட்ஸ் வகை, உன் பெயரில் பதிவு செய். அது முதுகுப்பையில் இருக்கக் கூடாது, உடம்போடு இருக்க வேண்டும். பையை ஆறு கொண்டுபோனால் கருவியும் போய்விடும்.

எனக்கு நீ அனுப்ப வேண்டியவை: தங்கும் ஏரியின் அட்சரேகை, தீர்க்கரேகை, விமானியின் எழுத்துறுதி, கருவியின் பதிவு எண், ஒரு கடைசித் தேதி. அந்தத் தேதி அலாஸ்கா நேரம் காலை எட்டு மணிக்குள் உன்னிடமிருந்து செய்தி வராவிட்டால் அங்குள்ள மாநிலக் காவல்துறையை அழைப்பேன். ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கமாட்டேன், அதை மனதில் வைத்துத் தேதியைக் குறி. அம்மா பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள். மே மாதத்துக்குள் வந்துசேரும்படி அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா