பழைய பரோலோவை முதலில் சுவைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் உணவுப் பக்கத்தில், சிவப்பு ஒயின் எதுவாயினும் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, நன்றாகச் சுழற்றிக் காற்றுப்பட வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டிருந்தது. நான்கைந்து ஆண்டுகளே ஆன, துவர்ப்பு மிகுந்த ஒயினுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். முப்பது, நாற்பது ஆண்டுகள் நிலவறையில் கிடந்த இத்தாலியப் புட்டியை அப்படிக் கையாண்டால், அத்தனை காலமாகத் திரண்ட மணம் குடிப்பதற்கு முன்பே கலைந்துபோகக்கூடும்.

இத்தாலியின் வடமேற்கிலுள்ள பீட்மாண்டில், லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே செய்யப்படும் பரோலோவை எடுத்துக்கொள்வோம். 1980-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த தரநிலையைப் பெற்ற இந்த ஒயின், குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வரலாம். ‘ரிசெர்வா’ எனக் குறிக்கப்படுவதற்கு 62 மாதங்கள் தேவை. இளமையில் நாக்கை இறுக்கும் துவர்ப்பைத் தரும் டானின்கள், ஆண்டுகள் செல்லச் செல்ல நிறமிகளோடு இணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, அவற்றில் ஒரு பகுதி மண்டியாகப் படிந்துவிடுகிறது. நிறமும் செங்கல் சிவப்பாக மாறி, விளிம்பில் ஆரஞ்சுச் சாயல் காட்டும். அதைக் கண்டு ஒயின் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது; நெபியோலோ இளமையிலேயே அடர்நிறம் கொண்டதன்று.

இந்த மண்டி மிக நுண்ணியது, கசப்பானது. ஆகவே, படுக்கவைத்திருந்த புட்டியை, திறப்பதற்கு ஒரு நாளாவது முன்னதாக, இயன்றால் இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே, அசையாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். பழைய தக்கை ஈரம் ஊறி நொய்ந்திருக்கும் என்பதால், திருகுகம்பியை நடுவில் நேராக இறக்கி, நிறுத்தி நிறுத்தி இழுப்பது நல்லது. இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே செருகி, திருகியபடியே மேலே எடுக்கும் கருவி இதற்கு இன்னும் ஏற்றது. துணுக்குகள் உள்ளே விழுந்தால் வடிகட்டிக்கொள்ளலாம்; அதனால் சுவை கெடாது.

திறந்தவுடன் செய்ய வேண்டியது, கோப்பையில் சிறிதளவு ஊற்றிச் சுவைப்பதுதான். குடுவை வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதை அந்த ஒரு வாய் ஒயினே சொல்லிவிடும். நீண்ட காலம் மூடிக்கிடந்ததால் முதலில் புழுக்க வாடை எழலாம். பல நேரங்களில் அது தானே விலகிவிடும். மணம் ஏற்கெனவே மலர்ந்திருந்தால் உடனே பரிமாறிவிட வேண்டும். இறுக்கம் தளராதிருந்தால், பீட்மாண்டில் பலர் செய்வதுபோல, சிறிதளவு ஊற்றி எடுத்துவிட்டு, திறந்த புட்டியை அப்படியே சில மணி நேரம் விட்டுவிடலாம். கழுத்தின் வழியே மட்டும் மெல்லப் படும் அந்தக் காற்று, சுழற்றும் குடுவையைவிட எவ்வளவோ மென்மையானது என்பதால், என் விருப்பம் எப்போதும் இந்த முறைதான். மண்டி மிகுந்திருந்தால் மட்டும், பரிமாறும் நேரத்தில், புட்டியின் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, கை நிறுத்தாமல் ஒரே சீராகக் குடுவையில் இறுத்து, மண்டி கழுத்தை எட்டும்போது நிறுத்திவிட வேண்டும்.

சுமார் 16 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், பெரிய கோப்பையில் கால் பங்குக்கும் குறைவாக ஊற்றி, விரைந்து முடிக்காமல் சுவைத்தால், உலர்ந்த ரோஜா, தார், தோல், காளான், மழையில் நனைந்த மண் என மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை உணரலாம். துவர்ப்பு தணிந்த பின்னும் புளிப்பு நிமிர்ந்து நிற்பதே நன்றாக முதிர்ந்த பரோலோவின் அடையாளம் என்பேன். டஸ்கனியின் மொந்தால்சீனோவில் சாஞ்சியோவேஸே திராட்சையிலிருந்து செய்யப்படும் புருனெல்லோவுக்கும் இதே நிதானம் வேண்டும்.

ஈர அட்டையின் நாற்றம் நேரம் செல்லச் செல்லக் கூடுமானால், அது தக்கை வழியே வந்த டிரைகுளோரோஅனிசோல் என்னும் வேதிப்பொருளின் வேலையாக இருக்கலாம். எவ்வளவு காற்றுப்பட்டாலும் அது நீங்காது. அந்தப் புட்டியை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் திறப்பதே வழி.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
டூரின், இத்தாலி