கிதாரைக் கீழே வைத்தவரைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக் கிதார்க் கலைஞர் ஜான் ஃப்ரூஷாந்தே ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைக்குப் போனதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் கிதார்க்காரருக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால், விரல் வித்தையைத் துறந்துவிட்டுப் பொத்தான் அமுக்கப் போய்விட்டார் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதை, முப்பது ஆண்டுகளாக மெல்லிசைக் கச்சேரிகளில் கிதார் வாசித்துப் பிழைக்கும் என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் குழுவில் ரிதம் பேட் வாசிப்பவரையும் கீபோர்டு வாசிப்பவரையும் இதே சொல்லால் பலர் மட்டம் தட்டக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் சொன்னதுண்டு.

முதலில் காலக்கணக்கு. ஃப்ரூஷாந்தே 1988இல், பதினெட்டு வயதில் அந்தக் குழுவில் சேர்ந்தார். 1992இல் ஜப்பான் பயணத்தின் நடுவே விலகி, 1998இல் திரும்பினார். 2006இல் அக்குழு வெளியிட்ட இரட்டைத் தொகுப்பில் 28 பாடல்கள். அவற்றில் பலவற்றில் அவருடைய கிதார் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் பதிவாகியிருப்பதைக் காது கொடுத்துக் கேட்பவர் எவரும் உணரலாம். அதற்கு அடுத்த ஆண்டே அவர் ஆசிட் ஹவுஸ் கருவிகளை இயக்கக் கற்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழு மாதங்கள் எதையும் பதிவு செய்யாமல் கற்றுக்கொண்டு மட்டும் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்போது உருவானவை டிரிக்ஃபிங்கர் என்ற புனைபெயரில் 2015இல்தான் வெளிவந்தன. பிரிட்டனில் இந்த இசை கொடிகட்டிப் பறந்தது 1988இல். எனவே, 'புது மோகத்தின் பின்னால் ஓடினார்' என்று கட்டுரையில் வரும் வரிக்கு இடமே இல்லை. இருபது ஆண்டுகள் பழசாகிப்போன ஒன்றைக் கற்று, அதையும் எட்டு ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்திருந்தவரை மோகக்காரர் என்று எப்படிச் சொல்வது?

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆசிட் ஹவுஸின் உயிர்நாடியான ரோலண்ட் டிபி-303 என்ற கருவி கிதார்க்காரர்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. பேஸ் கிதார் வாசிக்க ஆள் இல்லாமல் வீட்டில் தனியே சாதகம் செய்பவருக்குத் துணையாக, டிஆர்-606 என்ற தாளப் பெட்டியோடு இணைத்து ஓடவிடுவதற்காக, 1981இல் ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் அதைக் கடைக்கு அனுப்பியது. பேஸ் கிதார் போலவே அது ஒலிக்கவில்லை, இயக்குவதும் பெரும்பாடு. சுமார் பத்தாயிரம் பெட்டிகளோடு, 1984இல் உற்பத்தி நின்றது. பிறகு அவை பழைய பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடந்தன. அப்படிக் கிடைத்த ஒன்றை வைத்துக்கொண்டு, சிகாகோவில் ஃபியூச்சர் என்ற பெயரில் இயங்கிய டிஜே பியரும் அவருடைய நண்பர்கள் இருவரும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்து, அந்த ஒலியை நாடாவில் பதிந்தனர். ரான் ஹார்டி என்ற டிஜே அந்த நாடாவை ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கவிட்டார் என்றும், முதலில் அரங்கைவிட்டு நழுவிய கூட்டம் நான்காம் முறை வெறிகொண்டு ஆடியது என்றும் சொல்வார்கள். பதினோரு நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பதிவு 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று இசைத்தட்டாக வந்தது. இந்த இசைவகைக்குப் பெயரும் அதிலிருந்தே வந்தது. ஆக, கிதார்க்காரருக்குத் துணையிருக்கப் பிறந்து, கிதார்க்காரர்களே வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பெட்டியிடம், கால் நூற்றாண்டு கழித்து ஒரு கிதார்க்காரர் மாணவனாகப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

பொத்தான் அமுக்குவது எளிது என்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். பின்னாளில் வந்த நகல் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. மூலக் கருவியில் போலவே இதிலும் பதினாறு சுரங்களை முதலில் தாளமில்லாமல் ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டும். பிறகு, எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே நீள வேண்டும், எங்கே மௌனம் என்பதைத் தனியே உள்ளிட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் நினைத்த சுரம் நினைத்த இடத்தில் விழாது. நான் முதன்முதலாக ஒரு சாதாரண பேஸ் வரியை ஏற்ற ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. கிதாரில் அதை அரை நிமிடத்தில் வாசித்துவிடுவேன். தவறாக விழுந்த வரிகளில் ஒன்று நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வரி ஓடத் தொடங்கிய பிறகுதான் வாசிப்பே ஆரம்பிக்கிறது. கட்-ஆஃப் குமிழைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்து மெல்லத் திருப்பினால், குடத்துக்குள் பேசுவதுபோல் அமுங்கிக் கிடந்த ஒலி வாய் திறக்கிறது; பக்கத்தில் உள்ள ரெசனன்ஸ் குமிழையும் ஏற்றினால், நாகசுரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதுபோல் கீச்சிடுகிறது. சுரங்கள் மாறுவதில்லை, அவற்றின் குரல் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. கிதார்க்காரர்கள் வா-வா பெடலைக் காலால் மிதித்துச் செய்வதும் இதற்கு நெருங்கிய உறவுதான். ஃப்ரூஷாந்தே அந்தப் பெடலில் கைதேர்ந்தவர், மன்னிக்கவும், கால்தேர்ந்தவர்.

அவர் பதிவு செய்த முறையையும் கட்டுரையில் காணோம். பத்துக் கருவிகள் அளவில் ஒரே தாளத்தில் பிணைத்து ஓடவிட்டு, சிறிய மிக்சர் ஒன்றின் வழியாக நேரே குறுந்தட்டுப் பதிவுக் கருவிக்கு அனுப்பியிருக்கிறார். இப்படிப் பதிவானதில் பிறகு ஒரு கருவியின் ஒலியை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அடுக்கி அடுக்கிப் பதிவு செய்து பழகிய ஒருவர், கச்சேரி மேடையைப் போலத் திருத்தவே வழியில்லாத முறையைத் தேடிப் போயிருக்கிறார் என்றால், அது சுகம் தேடிப் போனதாகுமா?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிதாரிலிருந்து இந்தக் கருவிக்கு வந்தவர்களில் ஃப்ரூஷாந்தே முதல்வரல்லர். பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிதார் வாசித்த சரண்ஜித் சிங், 1982இலேயே டிபி-303ஐயும் ரோலண்டின் வேறு இரு கருவிகளையும் கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு தட்டு வெளியிட்டார். பூபாலி, யமன், மால்கௌன்ஸ் (நம் மோகனம், கல்யாணி, இந்தோளம்) எல்லாம் அதில் உண்டு. அந்தக் கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி, நம் ஜாருவுக்கு ஓரளவு ஒத்துவருகிறது. தட்டு அன்று விலைபோகவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. இதை வைத்து ஆசிட் ஹவுஸே பம்பாயில் பிறந்தது என்று மார்தட்டுவது மிகை. ஆனால், இந்தியப் பத்திரிகை ஒன்றில் வரும் இத்தகைய கட்டுரையில் அவருக்கு ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

கிதாரை ஃப்ரூஷாந்தே ஒரேயடியாகக் கைவிட்டார் என்பதும் பிழை. 2009இல் குழுவைவிட்டு விலகியவர் 2019 டிசம்பரில் மீண்டும் சேர்ந்தார். 2022இல் மட்டும் அக்குழு இரண்டு தொகுப்புகளை வெளியிட்டது, இரண்டிலும் கிதார் அவருடையதே. இடைப்பட்ட 2020இல் டிரிக்ஃபிங்கர் பெயரிலும் புதிய பதிவுகள் வந்தன.

இறுதியாக ஒரு சிறு திருத்தம். கட்டுரையோடு 'டிபி-303' என்ற குறிப்புடன் அச்சான படத்தில் இருப்பது அதுவன்று, அதன் இணையான டிஆர்-606 தாளப் பெட்டி. இரண்டும் ஒரே அளவில், ஒரே வெள்ளி நிறத்தில் இருப்பதால் இந்தக் குழப்பம் நேர்வது இயல்பே. 303இல் ஒரு ஆக்டேவுக்கான சிறிய கீபோர்டு வரிசை இருக்கும். படத்தில் அது இல்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி