தார்வாடு போகிறவளுக்கு

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தோழிக்கு,

“அவருக்குத் தார்வாடுக்கு மாத்தல் வந்துடுச்சுடி, மே மாசம் கிளம்பணும்” என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கை வேலை ஓடவில்லை. அன்றைக்கே எவ்வளவோ சொல்ல நினைத்தேன். நீ அழுதாய், நானும் அழுதேன், பேச்சு அதோடு நின்றுவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் கர்நாடகத்து ஹூப்ளியில் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவள். தார்வாடு அங்கிருந்து கூப்பிடு தூரம். விவரம் தெரியாமல் போய் நான் பட்டதை நீயும் படக்கூடாது.

எல்லாரும் உன்னிடம் லாரி வாடகை எவ்வளவு, கட்டிலைக் கழற்றணுமா, ஃபிரிட்ஜ் தாங்குமா என்றுதான் கேட்பார்கள். அதெல்லாம் ஒரு நாள் பாடு. முதலில் நீயும் அண்ணனும் உட்கார்ந்து பேச வேண்டியது உன் பெரியவளின் எட்டாம் வகுப்பைப் பற்றி.

அவள் ஆறும் ஏழும் நம்ம அரசுப் பள்ளியில் படித்திருக்கிறாள். டாக்டராகணும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது அதற்கு விதி. நடுவில் ஒரே ஒரு வருஷம் தார்வாடில் படித்தாலும் அந்த வாசல் மூடிவிடும், அப்புறம் திரும்பி வந்தாலும் திறக்காது. கல்லூரி போகிற பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறிலிருந்து பன்னிரண்டு கணக்குதான்.

சரி, கர்நாடகத்துப் பிள்ளையாகவே அங்கே சேர்ந்துகொள்ளலாமே என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே அரசுக் கலந்தாய்வில் கர்நாடக மாணவராக இடம் கேட்பதற்குப் பொதுவான வழி, ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. வரைக்குள் குறைந்தது ஏழு வருஷம் அந்த மாநிலத்தில் படித்திருப்பது. பி.யூ.சி. என்பது நம்ம பிளஸ் டூ. எட்டில் சேர்ந்தால் உன் பெண்ணுக்கு ஐந்து வருஷம்தான் தேறும்.

என் மகனுக்கு ஆறு வருஷம் தேறியது. 2011-ல் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தோம், 2017-ல் பத்து முடித்தான், அந்த மே மாதமே இவருக்கு ஊரோடு வேலை கிடைத்துத் திரும்பினோம். ஒரு வருஷம் குறைவு. அப்போது அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இங்கே பிளஸ் ஒன்னில் சேர்த்தேன். அந்த வருஷம்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று முதன்முதலாக வைத்தார்கள். கன்னடத்தில் கட்டுரை எழுதுகிற பிள்ளை, தமிழ்ப் புத்தகத்தை விரித்தால் எழுத்துக்கூட்டிப் படித்தான். பதினாறு வயசுப் பையன், “அம்மா, இது ‘ழ’வா ‘ள’வா” என்று கேட்டபோது எனக்கு உள்ளே என்னவோ செய்தது. ஒன்பது மாதம், தினமும் விளக்கு வைத்த பிறகு அவனும் நானும் செய்யுளோடு உட்கார்ந்தோம். தேறிவிட்டான். ஆனால் அவன் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன்.

அதோடு முடியவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படிக்காதவர்களுக்கு இருப்பிடச் சான்று வேண்டும் என்றார்கள். இவருடைய பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் தர்மபுரி மாவட்டம், ரேஷன் கார்டில் கிருஷ்ணகிரி மாவட்டம். எது உங்கள் ஊர் என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி மாவட்டத்தைப் பிரித்தார்கள், நாங்கள் இருந்த வீட்டிலேயேதான் இருந்தோம் என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்ல வேண்டியிருந்தது. என் அம்மாவின் பழைய காகிதத்திலோ சேலம் மாவட்டம் என்றே இருக்கிறது. வீட்டை விட்டு நகராமலேயே மூன்று மாவட்டம் பார்த்த குடும்பம் நம்முடையது. கலந்தாய்வுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் சான்று கைக்கு வந்தது.

அதனால் சொல்கிறேன், பெரியவளை என்ன செய்வது என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு பண்ணு. பாட்டி வீட்டில் விட்டுப் போ என்று நான் சொல்ல மாட்டேன். பதின்மூன்று வயசுப் பெண்ணை அம்மாவிடமிருந்து பிரிக்கிற யோசனையை நான் யாருக்கும் சும்மா கொடுக்க மாட்டேன். அண்ணன் மட்டும் முதலில் போய் ஒரு வருஷம் பார்க்கட்டும் என்பது ஒரு வழி. எல்லாரும் சேர்ந்தே போவது என்றால் அதுவும் சரி, 7.5 போனாலும், இருப்பிடச் சான்று இருந்தால் நம்ம மாநிலத்துப் பொது இடங்கள் அவளுக்கு உண்டு. எதை இழக்கிறோம் என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும், அவளையும் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு.

சின்னவனுக்கு அந்தக் கவலை இப்போது இல்லை. நாலும் ஐந்தும் அங்கே படித்துவிட்டு ஆறில் இங்கே அரசுப் பள்ளியில் வந்து சேர்ந்தால் அந்த 7.5-க்கு எதுவும் குறையாது. அதற்கு மேலும் அங்கேதான் என்றால் பன்னிரண்டு வரை அங்கேயே இருந்துவிடட்டும். நடுவில் எடுத்துவராதே. ஒன்று மட்டும் செய்: ஒவ்வொரு ஜூனிலும் அவன் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நான் வாங்கி அனுப்புகிறேன், தினம் ஒரு பக்கம் படிக்க வை. அங்கே கன்னடம் எல்லாப் பள்ளியிலும் ஒரு பாடமாக உண்டு, 2015-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதை அவன் நன்றாகப் படிக்கட்டும், சந்தோஷம். தமிழை வீட்டில் நீதான் காப்பாற்ற வேண்டும். நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதினால்கூடத் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாளையே திருத்துவார்கள்.

கிளம்புவதற்கு முன் இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கி வைத்துவிடு. சாதிச் சான்றை நம்பி அங்கே கல்லூரியில் ஒதுக்கீடு கேட்க முடியாது. அவர்கள் பட்டியல் வேறு, 2ஏ, 3பி என்று பிரிவுகளே வேறு. எஸ்.சி., எஸ்.டி. சான்றுக்கும் சொந்த மாநிலத்தில்தான் சலுகை என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. ஆனால் திரும்பி வரும்போது அந்தக் காகிதம்தான் உன்னை இந்த ஊர்க்காரி என்று சொல்லும். டி.சி. வாங்கும்போது, வெளி மாநிலத்துக்குப் போகிறோம், கல்வி அலுவலர் மேலொப்பம் வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல். நான் சொல்லாமல் விட்டு, ஹூப்ளியிலிருந்து இதற்கென்றே ஒரு நடை வந்தேன்.

ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். எடுத்துப் பார், மேலே பி.எச்.எச்., அதாவது முன்னுரிமைக் குடும்பம், என்று போட்டிருந்தால் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அங்கேயும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். என்.பி.எச்.எச். என்றால் முடியாது. எதுவானாலும் நம்ம ஊர்ச் சர்க்கரை, பருப்பு, பாமாயில் அங்கே கிடைக்காது. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் நம்ம ஊர்க் குடும்ப அட்டையை வைத்து வருவது. தொப்பூரில் 2023 ஜூலையில் அதற்கு முதல் முகாம் திறந்தபோது நீ எவ்வளவு ஆசையாகப் பேசினாய் என்று ஞாபகம் இருக்கிறது. கார்டை அங்கே மாற்றினால் அந்த ஆயிரம் போகும் என்பதைக் கணக்கில் வை. அங்கே பெண்களுக்கு இலவச பஸ் உண்டு, ஆனால் கர்நாடக முகவரி போட்ட அடையாள அட்டை காட்ட வேண்டும். நம்ம ஊர் மாதிரி யார் ஏறினாலும் டிக்கெட் கொடுப்பது கிடையாது. ஓட்டை மாற்ற படிவம் 8 கொடுத்தால் போதும். இரண்டு இடத்திலும் பெயர் இருக்கக் கூடாது. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கே ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றல் சீட்டு வாங்கிக்கொள், டெபாசிட் பணமும் திரும்பி வரும்.

வண்டி விஷயத்தில் அண்ணனைச் சோம்பலாக இருக்க விடாதே. டி.என். 24 வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அந்த மாநில எண்ணுக்கு மாற்றியே ஆக வேண்டும். இங்கே ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், லோன் இருந்தால் பேங்கிலிருந்தும். அங்கே ஆயுள் வரியைப் புதிதாகக் கட்டி, இங்கே கட்டியதில் மிச்சக் காலத்துக்கு உள்ளதைத் திரும்பக் கேட்கலாம். இவர் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டு, இரண்டாம் வருஷம் ரோட்டில் நிறுத்திப் பிடித்தார்கள். அன்றைக்கே மொத்தமாகக் கட்ட வேண்டியதாயிற்று, அந்த மாதம் நான் வளையலை வைத்துத்தான் வாடகை கொடுத்தேன். லைசென்ஸுக்கு ஒன்றும் வேண்டாம், அது நாடு முழுக்கச் செல்லும்.

வீட்டைப் பற்றி ஒரே விஷயம்தான் முக்கியம்: தண்ணீர். நாங்கள் ஆகஸ்டில் வீடு பார்த்தோம். வெளியே சோவென்று மழை, தொட்டி நிறையத் தண்ணீர். முன்பணம் கொடுத்துவிட்டோம். மார்ச் வந்தபோதுதான் தெரிந்தது, குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம் என்று. வாடகை வீட்டுக்கு ‘பாடிகெ’ என்று போர்டு இருக்கும். உள்ளே போய் ஹாலைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேள்: “நீரு எஷ்டு தினக்கொம்மெ பருத்தெ?” தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று அர்த்தம். மனப்பாடம் பண்ணிக்கொள்.

கன்னடத்துக்குப் பயப்படாதே. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் காதில் விழுந்த பாஷைதானே. எனக்கு அது பிடிபட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பால்காரர் ‘ஹாலு’ என்றார், பூக்காரம்மா ‘ஹூவு’ என்றாள், பத்து ரூபாய் ‘ஹத்து’. நம்ம ‘ப’ அங்கே ‘ஹ’ என்று அன்றைக்குச் சட்டென்று விளங்கியது. புலி ஹுலி, பல் ஹல்லு, போ என்றால் ஹோகு. அதே போல நம்ம ‘வ’ அங்கே ‘ப’. வா என்பது பா, வேண்டும் என்பது பேகு, வில் என்பது பில்லு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் கடைத்தெருவைச் சமாளித்தேன். அந்தப் பக்கத்தில் வார்த்தைக்கு வார்த்தை மரியாதைக்கு ‘ரீ’ சேர்ப்பார்கள். “பர்ரீ” என்று கூப்பிட்டால் உட்கார வைத்துச் சோறு போடாமல் விட மாட்டார்கள். எழுத்தையும் படித்துக்கொள், பஸ் போர்டுக்குத் தேவைப்படும்.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். காவிரிப் பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்று உன் மாமியார் கேட்டார்களாமே. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகளைக் கொளுத்திய வாரம், என் தம்பி டி.என். வண்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டு அஜ்ஜி, அதாவது பாட்டியம்மா, தன் மகனை விட்டு அந்த வண்டியைத் தங்கள் காம்பவுண்டுக்குள் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். தம்பி ஊர் திரும்பும் வரை ஐந்து நாளும் காலையில் ஜோள ரொட்டி என்கிற சோள ரொட்டியும் கத்தரிக்காய்ப் பல்யா என்கிற பொரியலும் அங்கிருந்து வந்தன. ஹூப்ளிப் பக்கத்தில் அந்தக் கோபமே குறைவு, அவர்களுடைய ஆற்றுக் கவலை மகதாயி. உன் மாமியாரிடம் அஜ்ஜியைப் பற்றிச் சொல்.

சாப்பாட்டுக்கு: புழுங்கலரிசி அங்கே சுலபத்தில் கிடைக்காது, போகும்போதே ஒரு மூட்டை போட்டுக்கொள். நம்ம ராகிக் களிக்கும் நான் மாவை இங்கிருந்துதான் எடுத்துப் போவேன். மழைக்காலத்தில் துணி காயவே காயாது. பொங்கலுக்கு நாலு நாள் லீவு இல்லை, சங்கராந்தி ஒரு நாள்தான். தசராவுக்குத்தான் நீண்ட விடுமுறை. ஊருக்கு வருவதை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்.

வரும் ஞாயிறு பிள்ளைகளோடு இங்கே வா. அண்ணனையும் கூட்டி வா. இரண்டு பேருடைய பழைய மார்க்ஷீட், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வா, என் மகன் ஒவ்வொன்றாகப் பார்த்து, எது இல்லை என்று எழுதித் தருவான். பெரியவளிடம் அவனே பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போவதானால் நானும் கூட வருகிறேன். அதுவரை டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதே.

உன்,
காவேரிப்பட்டணத்துக்காரி