முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபைப் பேச்சுகள் தமிழில்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

“முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துடுச்சா?” என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். மகப்பேறு உதவித் திட்டத்தால் அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர் சட்டசபையில் என்ன சாதித்தார் என்று கேட்டால், அவர் பிறந்த புதுக்கோட்டையிலேயே சட்டென்று பதில் வருவதில்லை. அவர் அங்கே பேசியதெல்லாம் தடித்தடியான ஆங்கில நடவடிக்கைக் குறிப்புகளில் கிடக்கிறது. அவற்றில் முக்கியமானவற்றைத் தமிழில் ஒரே நூலாகக் கொண்டுவரத்தான் இந்த வேண்டுகோள்.

அவர் பிறந்தது 1886 ஜூலை 30. தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியும் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும்போது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். அவரும் ஒப்புக்கொண்டார்.

1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர்தான் முதல் பெண் உறுப்பினர். சபை அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தவர் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அதை எப்படிச் செய்தார் என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. கோயில் பணிக்காக அந்தப் பெண்களின் குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலமும் போய்விடும். வெளியே வா என்றால் சோற்றுக்கு என்ன வழி? 1929இல் அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் அந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது: பணி செய்ய வேண்டிய கட்டாயம் நீங்கும், நிலம் அவர்களிடமே இருக்கும். அடுத்து, பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதா. அது சட்டமாக 1947 வரை ஆனது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930லேயே அவர் பதவியைத் துறந்திருந்தார்.

பிறகு தொடங்கிய அவ்வை இல்லமும், 1954இல் திறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுவோம்.

இந்த மசோதாக்களை எதிர்த்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு அவர் கொடுத்த பதிலடி என்று மேடைக்கு மேடை ஒரு கதை உலவுகிறது. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், கைதட்டலும் வாங்குகிறார்கள். சபையில் பதிவானது என்னவோ அது மட்டுமே நம் நூலில் இருக்கும். கைதட்டல் குறைந்தால் குறையட்டும்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். அரசு வெளியிட்டு அறுபது ஆண்டு கடந்த ஆவணங்கள் என்பதால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. மொழிபெயர்ப்பை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் காசு வாங்காமல் செய்கிறார்கள். நகல் எடுக்க, தட்டச்சுக்கு, பக்க வடிவமைப்புக்கு 20,000 ரூபாய். ஆயிரம் பிரதி அச்சிட, பிரதிக்கு 160 வீதம் 1,60,000. குழுவினர் போட்டதும் நண்பர்கள் தந்ததும் சேர்ந்து 62,000 கையில் இருக்கிறது. இன்னும் 1,18,000 ரூபாய் தேவை.

160 ரூபாய் கொடுத்தால் உங்கள் பங்கில் ஒரு பிரதி மாவட்டத்தின் ஒரு பள்ளி நூலகத்துக்குப் போகும். நீங்கள் படித்த பள்ளியின் பெயரைச் சொன்னால் அங்கேயே கொடுத்துவிடுவோம். புத்தகம் விற்பனைக்கு இல்லை. கொடுத்தவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் அகர வரிசையில் வரும், தொகை வராது. எவ்வளவு பெரிய தொகை தந்தாலும் அட்டையில் வேறு யார் படமும் இடம்பெறாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வரும் ஜூலை 30 அன்று வெளியிட எண்ணம். அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் மே மாதக் கடைசிக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். தனிப்பட்ட யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். கணக்கு எண் ரசீதுப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. வரவு செலவு முழுவதையும் வெளியீட்டு நாளில் அரங்க வாசலில் ஒட்டிவைப்போம்.

அப்புறம் ஒன்று. அவருடைய பழைய புகைப்படமோ கடிதமோ யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் தெரிவியுங்கள். வீட்டுக்கே வந்து, உங்கள் கண்ணெதிரே ஸ்கேன் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பதிப்புக் குழுவினர், புதுக்கோட்டை